ஒரே பெண்ணுக்கு இரண்டு ஓலை

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
திங்கட்கிழமை.

பிரியமுள்ள குளோரியா அக்காவுக்கு,

தங்கை நோரா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் இங்கே சுகம். நீயும் தியோடர் அத்தானும் திருச்சியில் சுகம்தான் என்பதை நீ சொல்லாமலே தெரிந்துகொண்டேன். நேற்றிலிருந்து நான் அனுப்பும் ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்திக்கும் உடனே நீலக் குறி விழுகிறது, பதில்தான் வருவதில்லை. உடம்புக்கு முடியாதவர்கள் இவ்வளவு சுறுசுறுப்பாகப் படிக்க மாட்டார்கள். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் தாளில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். கவரை அத்தான்தான் பிரிப்பார், பிரித்தால் சத்தமாகப் படிப்பார், அப்போது நீ சமையலறையில் இருந்தாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கீழே இறங்கிப் போய் கேட்டை உள்பக்கமாகப் பூட்டினேன். பல் விளக்குவதற்கும் முன்னால். நேற்றுப் பூசை முடிந்ததிலிருந்து நம் வீட்டுக்கு வராதவர்கள் யாரும் இந்தத் தெருவில் பாக்கியில்லை. எல்லோரும் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" வந்தவர்கள். ஒருத்தி பிளம் கேக்கோடு வந்தாள், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. உட்காரக்கூட இல்லை, "எந்த மாப்பிள்ளைக்கு வாழ்த்து சொல்றதுன்னு மட்டும் சொல்லிடு நோரா, நான் போயிடறேன்" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "அதுவும் சரிதான், கோவில்ல இன்னும் ரெண்டு ஓலை வாசிக்கறது இருக்கில்ல" என்று சொல்லிவிட்டுக் கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், குடும்ப விஷயம் என்றேன். "வீடியோ பாத்தோம் மேடம்" என்றார்கள்.

இதைப் பற்றி உனக்கு இதற்குள் பலரும் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் வரிசையாகச் சொல்கிறேன். போன மாதம் நீ போன் செய்தாய். உன் ஒரே மகளும் என் ஞானமகளுமான ஆஞ்சலா, பிரிஸ்பேனில் பிசியோதெரபிஸ்டாக இருந்துகொண்டு, ஜேசன் லின் என்கிற கண் பரிசோதகரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவன் தைவானில் பிறந்து, நடக்கப் பழகிய வயதில் பெற்றோரோடு ஆஸ்திரேலியா வந்தவன். நீயோ அதற்கு முன்பே மெல்பனில் ஒரு பல் டாக்டரைப் பார்த்து வைத்திருந்தாய். ரயான். அப்பா அம்மா மலேசியாவில் ஈப்போக்காரர்கள், தமிழர்கள், நம் கத்தோலிக்க வேதம். அன்று நீ என்னிடம் சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன். "நோரா, நீதான் சோஷியாலஜி படிச்சவ. மலேசியாவுலேர்ந்து போய் செட்டில் ஆனவங்க எப்படி இருக்காங்க, தைவான்லேர்ந்து போனவங்க எப்படி இருக்காங்க, ரெண்டையும் வெச்சு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு. படிச்சா ஆஞ்சலா ஒத்துக்கணும். நியாயமா எழுது. ஆனா மலேசியாதான் மேலன்னு வரணும்." எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு ஊறுகாய்க் கம்பெனிக்காரர்கள் வந்து, எந்த ஊறுகாயை ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று நியாயமாக ஆராய்ந்து, தங்கள் ஊறுகாயைத்தான் என்று முடிக்கச் சொல்வார்கள். நாங்களும் முடிந்தவரை செய்து கொடுப்போம். அக்காவுக்குச் செய்ய மாட்டேனா என்று ஒத்துக்கொண்டேன்.

முதலில் உனக்கு நல்ல செய்தி. ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான் பார்த்த அட்டவணைகளில் மலேசியாவில் பிறந்தவர்களின் வருமானம் மேலே நிற்கிறது, தைவானில் பிறந்தவர்களுடையது கீழே நிற்கிறது. இதைப் பார்த்த அன்றே உனக்குச் சொன்னேன், நீயும் அன்றே அத்தானிடம் சொல்லி இருவருமாகப் பாயசம் வைத்தீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். ஏன் கீழே நிற்கிறது என்று தேடிப் போனதில்தான் விஷயம் சிக்கலாயிற்று. தைவானிலிருந்து அந்தக் காலத்தில் பிரிஸ்பேன் போனவர்களில் பலர் வியாபாரிகள். வீட்டை வாங்கி, மனைவியையும் பிள்ளைகளையும் குடிவைத்துவிட்டு, அப்பா மட்டும் திரும்பிப் போய்த் தைவானில் தொழிலைப் பார்ப்பார். பண்டிகைக்கு விமானத்தில் வருவார். இப்படிப்பட்டவர்களுக்கு விண்வெளி வீரர் என்றே பட்டப்பெயராம், எப்போதும் ஆகாயத்திலேயே இருப்பதால். அங்கே சம்பாதிப்பது இங்கே கணக்கில் வராது. போதாததற்கு, படிக்கவும் பழம் பறிக்கவும் தற்காலிகமாக வரும் இளைஞர்கள் வேறு சராசரியைக் கீழே இழுக்கிறார்கள். ஆக, தாளில் ஏழை, தரையில் வீட்டுக்காரர். மலேசியாக்காரர்கள் வேறு வகை. படிக்கப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள், இங்கிலீஷ் கையில் இருந்தது, டாக்டராகவும் கணக்காளராகவும் அமர்ந்தார்கள், சம்பாதிப்பதெல்லாம் அங்கேயே கணக்கில் ஏறுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் பிழை. இதுவரைகூடப் பரவாயில்லை. அடுத்த அட்டவணையில்தான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியா போனவர்களில் பெரும்பாலோர் சீன வம்சாவளி அக்கா. தமிழர்கள் ஓரமாகக் கொஞ்சம் பேர். அதாவது, சீனப் பையன் வேண்டாம் என்பதற்காக நீ கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சராசரியே முக்கால்வாசி சீனர்களுடைய சராசரி. இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் சும்மா இருந்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

தாளை நம்பக்கூடாது, ஆட்களைக் கேட்கவேண்டும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். ஆனால் ஆஸ்டின் டவுனில் தைவான்காரருக்கு எங்கே போவேன்? கீழ் வீட்டில் குடியிருக்கும் பெருமாள்சாமியைக் கேட்டேன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வெளிநாட்டு விஷயம் எல்லாம் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்பவர். என் கேள்வியை முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "தைவானா? கண்ண மூடிக்கிட்டு எடுங்க மேடம். நம்ம ஷெட்ல தைவான் லேத் ஒண்ணு இருக்கு, போட்ட நாள்லேர்ந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல. டைமுக்கு ஆயில் விட்டாப் போதும், அது பாட்டுக்கு ஓடும்." மலேசியா என்றேன். "மலேசியான்னா பாமாயில். அது நக்கோ மேடம், ஹார்ட்டுக்கு ஆகாது." அவர் மனைவி யசோதா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "அவுங்க மாப்ளைக்குக் கேக்கறாங்க, நீங்க மிஷினுக்குச் சொல்றீங்க. பேஜார் புடிச்ச மனுஷன். நோராம்மா, அவர வுடுங்க, பையன் குடிப்பானா, அத மட்டும் விசாரிங்க." பெருமாள்சாமி அசரவில்லை. "மிஷின் செய்றவன்தானடி மாப்ளையும்!" என்றார். இந்த நேர்காணலை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் நீயும் நானும் சொல்லிக்கொண்டிருந்த காரணங்களைவிட எந்த விதத்தில் மோசம் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தபடியாக இரண்டு அம்மாக்களிடமும் வீடியோவில் பேசினேன். ரயானின் அம்மா பவுலின் ரொம்பக் கலகலப்பு. நான் வரிசையாகக் கேள்வி கேட்டதும் சிரித்துவிட்டார். "ஐயோ நோரா, இமிக்ரேஷன் ஆபீசர்கூட இவ்ளோ கேக்கல லா! எங்க தாத்தா ரப்பர் எஸ்டேட்டுக்குப் போனாரு, அப்பா ரயில்வே, நான் நர்ஸு, மவன் பல்லு டாக்டரு. வேற என்ன எழுதணும்? நாங்க எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல தேடுறது ரெண்டு. பூசை எங்க, தோசை எங்க." எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் கேட்டேன், ஆஞ்சலாவைப் பற்றி ரயான் என்ன சொல்கிறான் என்று. கொஞ்சம் தயங்கினார். "அவன்கிட்ட இன்னும் ஒழுங்கா பேசல லா. பொண்ணு வீட்ல சரின்னு சொல்லட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு குளோரியாதான் சொன்னாங்க." அதையும் குறித்துக்கொண்டேன்.

திருமதி லின்னுடன் பேசியது வேறு மாதிரி. ஆஞ்சலாவும் ஜேசனும் அங்கே இருந்தார்கள், நாங்கள் இருவரும் இங்கிலீஷில் பேசினோம். அவர் கணவர் அப்போது தைச்சுங் நகரில், கதவுக் கீல் செய்யும் தம்முடைய தொழிற்சாலையில் இருந்தார், அதாவது விண்வெளியில். முதல் தகவல், உனக்கு இது பிடிக்காது, திருமதி லின்னும் கத்தோலிக்கர். ஜேசன் ஞானஸ்நானம் பெற்றவன், அவர்கள் பங்குக் கோவிலின் பெயரைக்கூட வாங்கிக்கொண்டேன். பிறகு நான் கேள்வி கேட்கத் தொடங்குமுன் அவர் தொடங்கிவிட்டார். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து குடியேறியது என்றார். நாங்கள் குடியேறவில்லை, பெங்களூர்தான் என்றேன். அந்த மாநிலத்தின் மொழி வேறு என்று ஆஞ்சலா சொன்னாளே என்றார். பட்டாளத்துச் சமையல்காரராக ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த நம் கொள்ளுத்தாத்தாவைச் சொல்லவேண்டியதாயிற்று. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் வீட்டில் உங்கள் மொழியா? ஆமாம். கோவிலில்? தனிப் பூசை. திருமணம்? பெரும்பாலும் எங்களுக்குள்தான். ஒரே பேட்டையில் சேர்ந்து இருக்கிறீர்களா? ஏறக்குறைய. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் யோசனையில் ஆழ்ந்தது. கடைசியில் மிகவும் மரியாதையாகச் சொன்னார், "தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் கணவருக்கு ஒரு கவலை. உங்கள் சமூகம் கொஞ்சம் ஒதுங்கி வாழும் சமூகம்போல் தெரிகிறது. எங்களோடு ஒட்டிப் பழகுவார்களா என்று கேட்கிறார்." உன் கவலையை அப்படியே, சொல் மாறாமல், கடல் தாண்டி இன்னொருவர் வைத்திருக்கிறார் அக்கா. நான் பழகுவோம் என்றேன். அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. ஆஞ்சலா திரும்பிப் பார்க்காமலே, "டேய், அம்மா பேசறாங்கல்ல, அத நிறுத்துடா" என்றாள், நம் ஆஸ்டின் டவுன் தமிழில். ஜேசன் போய் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். என் அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை, போடவில்லை.

இனி ஓலைக்கு வருகிறேன். இதில் என் பங்கு என்ன, உன் பங்கு என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆஞ்சலா தன் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி அனுப்பச் சொன்னாள். தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வந்திருந்தபோது நம் கோவிலில்தானே அவளுக்கு ஞானஸ்நானம். நான் போன செவ்வாய்க்கிழமை பங்கு அலுவலகத்துக்குப் போனேன். உபதேசியார் கிளெமென்ட் அங்கிள் இருந்தார், காது இன்னும் கூர்மை, ஞாபகம்தான் கொஞ்சம் மங்கல். "எதுக்கும்மா சர்டிபிகேட், கல்யாணத்துக்கா?" என்றார். கல்யாணத்துக்காகத்தான் இருக்கும் என்றேன். "பையன் யாரு?" கேட்ட கேள்விக்கு முழு விவரத்தோடு பதில் சொல்வது என் தொழில் பழக்கம். பெயர், பெற்றோர், சொந்த ஊர், இருக்கும் ஊர், பங்கு எல்லாம் சொன்னேன். "இவ்ளோ வெவரமா யாரும் குடுக்கறதில்லம்மா" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அவர் எழுதியது ஓலை வாசிப்பதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதைக் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது நம் வழக்கம்தான், ஆனால் அதை யாராவது கேட்டுக்கொண்டால்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். நீ கேட்டுக்கொண்டாய். அதே வாரம் திருச்சியிலிருந்து அதே கிளெமென்ட் அங்கிளுக்குப் போன் போட்டு, மண்டபம் டிசம்பரில் கிடைத்துவிட்டது, பெண் கடைசி வாரம்தான் வருவாள், ஆஞ்சலாவுக்கும் ரயானுக்கும் உடனே ஓலை ஆரம்பித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். "மூணு ஓலையும் படிச்சுட்டா அப்புறம் யாரும் மாத்திப் பேச முடியாது பாருங்க" என்றாயாம். அவர் என்னிடம் இதை உன் சாமர்த்தியத்தை மெச்சித்தான் சொன்னார்.

ஆக, நேற்றுக் காலைத் தமிழ்ப் பூசையில் நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடிந்து, கிளெமென்ட் அங்கிள் மைக்குக்கு வந்தார். "முதலாம் ஓலை. திருச்சி, தியோடர் குளோரியா இவர்களின் குமாரத்தி ஆஞ்சலாவுக்கும், மலேசியா நாடு ஈப்போ…" என்று ஆரம்பித்ததும் எனக்குக் கையில் இருந்த பாட்டுப் புத்தகம் நழுவிவிட்டது. அதை எடுக்கக் குனிந்தேன். குனிந்திருக்கும்போதே ரயானின் பெயர் முடிந்து, வேறு யாரோ ஒரு ஜோடி முடிந்து, மறுபடியும் "திருச்சி, தியோடர் குளோரியா இவர்களின் குமாரத்தி ஆஞ்சலாவுக்கும்" என்று வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. "தைவான் நாடு, தைச்சுங் நகர்" என்று வந்ததும் அங்கிளே ஒரு விநாடி நின்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஆரம்பித்ததை முடிக்காமல் விடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஜேசன் லின்னின் பெயரையும் அவன் பெற்றோர் பெயரையும் நான் கொடுத்த விவரம் ஒன்றுவிடாமல் வாசித்து முடித்தார். எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர், காதுக் கருவி போட்டிருப்பவர், தன் மனைவியிடம் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "ரெண்டு பேருமேவா?" என்றார். கோவில் முழுக்கக் கேட்டது. பிறகு வழக்கமான வாசகம், "இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்." முழுக் கோவிலும் திரும்பி என்னைப் பார்த்தது. பாடகர் குழுவில் முதலில் ஒரு பெண் சிரித்தாள். பங்குத்தந்தை இருமினார். இருமல் போலத்தான் இருந்தது.

பூசை முடிந்து அங்கிளைப் பிடித்தேன். "பேரு ஒண்ணா இருந்துச்சும்மா. நம்ம பங்குல எத்தன ஆஞ்சலா இருக்காங்க" என்றார். அப்பா பெயரும் அம்மா பெயரும்கூட ஒன்றாக இருந்ததே அங்கிள் என்றேன். "அக்கா தங்கச்சின்னு நெனச்சிட்டேன்." இரண்டு பெண்ணுக்கும் ஒரே பெயரா வைப்பார்கள்? கொஞ்சம் யோசித்தார். "வெளிநாடு போற ஆளுங்கம்மா, என்ன வேணா செய்வாங்கன்னு…" என்று இழுத்தார். பங்குத்தந்தை எங்கள் இருவரையும் அலுவலகத்தில் நிற்கவைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல பொண்ணோட சம்மதத்த யாரு கேட்டது?" நான் அங்கிளைப் பார்த்தேன். அங்கிள் சொன்னார், "மண்டபம் கெடச்சிருச்சு ஃபாதர்." வெள்ளிக்கிழமைக்குள் எந்த ஓலை நிற்கும், எந்த ஓலை போகும் என்று பெண்ணின் தாயோ ஞானத்தாயோ வந்து சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

நான் வீட்டுக்கு நடந்து வருவதற்குள், ஓலை வாசித்ததைக் கோவிலில் யாரோ எடுத்த வீடியோ மெல்பன் போய்விட்டது. ரயானிடமிருந்து செய்தி. "ஆன்ட்டி, எனக்குக் கல்யாணம் என்று நண்பன் ஒருவன் சொன்னான். தேதி தெரிந்தால் லீவு போட வசதியாக இருக்கும்." கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "அந்த இன்னொருவர் எப்படி, நல்லவரா?" மூன்றாவதில் விளையாட்டை விட்டுவிட்டு எழுதியிருந்தான், தனக்கு இதெல்லாம் தெரியாது, தன்னால் ஆஞ்சலாவுக்குச் சங்கடம் என்றால் மன்னிக்கவேண்டும், அம்மாவிடம் தான் பேசிக்கொள்வதாக. நல்ல பையன் அக்கா. உன் தேர்வில் எனக்குக் குறை இல்லை.

ஆஞ்சலா சாயங்காலம் கூப்பிட்டாள். கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். சிரித்தாள். "சித்தி, எனக்கு ரெண்டு ஓலையாமே! ஒண்ணுக்கே நான் இன்னும் அவன்கிட்ட எஸ் சொல்லல. அம்மா ஓகே சொல்லட்டும்னு வெயிட் பண்ணச் சொல்லியிருக்கேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, காலேஜ் நாளில் என் வீட்டில் இருந்தபோது பசிக்கவில்லை என்று பொய் சொல்லும் அதே குரலில் சொன்னாள். "அம்மா வேணாம்னா நான் ஜேசன பண்ணிக்க மாட்டேன். ரயானையும் பண்ணிக்க மாட்டேன். யாரையும் வேணாம். நான் பாட்டுக்கு இருந்துக்கறேன், உன்ன மாதிரி. நீ சந்தோஷமாத்தானே இருக்க?" நான் பதில் சொல்வதற்குள், அங்கே ராத்திரி ரொம்ப நேரமாகிவிட்டது, காலையில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

என்னைப் பற்றி நாம் இருவரும் பேசுவதில்லை, இப்போதும் நிறையப் பேச வேண்டாம். எனக்கும் இரண்டு இடம் வந்தது. ஒருவர் ரயில்வே, ஒருவர் பள்ளிக்கூடம். அப்பா இரண்டையும் எல்லாக் கோணத்திலும் ஒப்பிட்டார், நிதானமாக, நியாயமாக. அவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள் ரயில்வேக்கு ஒரு மகனும் பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பெண்களும் பிறந்துவிட்டார்கள். எனக்கு அதில் யார்மேலும் வருத்தமில்லை. என் வாழ்க்கை மோசமும் இல்லை. ஆனால் சந்தோஷமாகத்தானே இருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டு, அதைத் தனக்கு ஒரு வழியாக எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்றால், பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருக்கிறது.

உன் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. முதல் நாள் போனில் அந்த ரிப்போர்ட்டையெல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகும் நேரத்தில் நீ ஒன்று சொன்னாய். "அந்தம்மாகிட்ட நான் என்னத்தப் பேசுவேன் நோரா? பேரப்புள்ள வந்து நின்னா அது என்ன பாஷையில என்ன கூப்பிடும்?" நீ கேட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் உண்மையான கேள்வி. அதற்கு எந்தக் கணக்கெடுப்பிலும் விடை இல்லை. நீ அதை மட்டும் ஆஞ்சலாவிடம் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவளிடம் மலேசிய வருமானத்தைப் பற்றியல்லவா பேசினாய்.

ஆக, என் அறிக்கையின் முடிவு இதுதான். தாளில் பார்த்தால் மலேசியாக்காரர்கள் மேல். தாளுக்கு வெளியே தைவான்காரர்கள் குறைவில்லை. ஒரு சமூகத்தின் சராசரியை யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்பதால் இரண்டும் இந்த விஷயத்துக்குப் பயன்படாது. நான் ஆராய்ச்சி செய்யச் சொல்லிக் கேட்கப்பட்டவள், எனக்கு இதில் பட்சம் கிடையாது, இருக்கவும் கூடாது. எனவே வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை கேட்டால், "எனக்கு ஒன்றும் தெரியாது ஃபாதர், அக்காவைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்வேன். அதற்குள் நீயும் அத்தானும் வந்து சேர்வது நல்லது. வந்தால் நம் வீட்டிலேயே தங்கலாம், கேட்டை நான் திறந்து வைக்கிறேன்.

அத்தானை மாத்திரையை மறக்காமல் போடச் சொல். கிளெமென்ட் அங்கிள் உன்னை விசாரித்தார், அடுத்த முறை பெண்ணின் வயதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். தேவ மாதா உங்கள் இருவரையும் எந்தக் குறையும் இல்லாமல் காத்து, இந்தக் கடிதத்தை முழுவதும் கேட்கும் பொறுமையையும் தரட்டும்.

உன் அன்புத் தங்கை,
நோரா

பி.கு.: மேலே இருப்பது மதியம் எழுதியது. கிழித்துப் போடாமல் அனுப்புவது, நான் எவ்வளவு நியாயமாக இருக்கப் பார்த்தேன் என்று நீ தெரிந்துகொள்வதற்காக மட்டும். பட்சம் இல்லை என்று எழுதியதை அடித்துவிடு. இருக்கிறது. நான் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவும் போவதில்லை. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தையைப் பார்த்து, ரயான் ஓலைக்குத் தடை இருக்கிறது, பெண்ணுக்குச் சம்மதமில்லை, பையனை யாரும் கேட்கவே இல்லை என்று சொல்லப்போகிறேன். ஜேசன் ஓலை நிற்கட்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது முறை படியுங்கள் என்றும் சொல்லப்போகிறேன். பெண் அம்மாவின் ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறாள், மற்றபடி அவளுக்குச் சம்மதம் என்று அவளுக்காக நான் சொல்வேன். ஞானஸ்நானத்தன்று, வாயில் சொல் வராத வயதில், அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளைக் கையில் வைத்துக்கொண்டு நான்தானே பதில் சொன்னேன். அன்று யாரும் என்னிடம் அட்டவணை கேட்கவில்லை. உனக்கு ஆட்சேபம் இருந்தால், மற்ற எல்லோரையும்போல நீயும் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கலாம். ஆனால் அதற்கு முன் உன் பெண்ணுக்கு ஒரு போன் போட்டு, பேரப்பிள்ளை உன்னை என்னவென்று கூப்பிடும் என்று அவளையே கேள். இந்த முடிவை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, ஆஞ்சலாவிடமும்.